முகப்பருவும் தழும்பும்: புட்டிக்குள் இருப்பது மருந்தா?

ஈராண்டுகளுக்கு முன் ஒரு கோடை மாலை. நெட்டப்பாக்கம் கொம்யூனைச் சேர்ந்த சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தாய் நம்மைக் காண வந்தார். கரும்பு வெட்டுக்கும் நடவுக்கும் கூலிக்குச் சென்று பிள்ளைகளைப் படிக்க வைப்பவர் அவர். கொண்டு வந்த துணிப்பையிலிருந்து இரண்டு பொருள்களை எடுத்து மேசைமீது வைத்தார். ஒன்று, சொட்டுக்குழல் பொருத்திய சிறு கண்ணாடிப் புட்டி. மற்றொன்று, பாதி பிதுக்கப்பட்ட களிம்புக் குழாய்.

“சாமி, பிள்ளைக்கு முகமெல்லாம் பரு. பன்னிரண்டாவது பரீட்சை எழுதினதிலேருந்து வெளியில வரமாட்டேங்குது. கோயில்ல பாட்டுக்கும் போறதில்ல. இந்தப் புட்டிய போன்ல பார்த்து அதுவே வாங்கிச்சு. இந்த மருந்தக் கடையில கேட்டு வாங்கினோம். இப்போ டவுன்ல ஒரு ஊசி இருக்காம், போட்டா பள்ளமெல்லாம் நிரம்பிடுமாம். கழுத்துச் சங்கிலிய அடகு வைக்கலாமான்னு கேட்கத்தான் வந்தேன்” என்றார்.

புட்டியின் மேல் எழுதியிருந்த பெயர் ஹயலூரானிக் அமிலம். நகரத்தில் போடுவதாகச் சொன்ன ஊசியிலிருப்பதும் அதே பொருளே என்பதைப் பின்னர் அறிந்தோம். குழாயிலிருந்ததோ வேறொன்று, அதனைப் பின்னே காண்போம்.

இஃது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. இப்பொருளின் பெயரை இன்று நம் ஊர்ப் பிள்ளைகள் பாடப் பெயரைப்போல் ஒப்பிக்கின்றனர். சில நூறு ரூபாய் முதல் ஆயிரம் வரை கொடுத்து வாங்குகின்றனர். பெற்றோருக்கோ அது மருந்தா, பூச்சா, வீண் செலவா என்பது விளங்குவதில்லை. ஆகவே, மருத்துவர்களைக் கேட்டும் நூல்களைப் பார்த்தும் நாம் அறிந்தவற்றை இங்கே எடுத்துரைக்க விழைகிறோம்.

பரு ஏன் தோன்றுகிறது?

நமது தோலின் ஒவ்வொரு மயிர்த்துளையின் அருகிலும் ஒரு சிறிய நெய்ச் சுரப்பி உண்டு. பூப்பெய்தும் பருவத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் உடலில் ஆண்மைச் சுரப்புகள் மிகும்போது, இச்சுரப்பிகள் பெருத்து மிகுதியான நெய்யைக் கக்குகின்றன. துளையின் வாயில் உதிர வேண்டிய தோல்செல்கள் உதிராமல் அடைத்துக்கொள்கின்றன. அடைபட்ட நெய்யில், தோலில் இயல்பாகவே வாழும் ஒருவகைப் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. உடல் அவற்றை எதிர்க்க, அவ்விடம் சிவந்து வீங்கிச் சீழ் கட்டுகிறது. இதுவே பரு.

எனவே, பரு என்பது அழுக்கினால் வருவதன்று. முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினால் போவதுமன்று. ‘உடம்புச் சூடு’ என்று சொல்லித் தள்ளிவிடுவதும், ‘கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்’ என்று காத்திருப்பதும் பொருந்தா. இனிப்புப் பண்டங்களை அளவின்றி உண்பது சிலருக்குப் பருவை மிகுவிக்கக்கூடும் என ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் உணவு ஒன்றே காரணம் என்பதும் சரியன்று. தலையில் வழிய வழியப் பூசும் எண்ணெய் நெற்றியில் இறங்கித் துளைகளை அடைப்பதுண்டு. இதனை நம் தாய்மார் கவனித்தல் நன்று.

நமது கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனையின் தோல் பிரிவில் 2006 முதல் 2008 வரை பருவுக்காக வந்த 309 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவ்வாய்வு 2009-ஆம் ஆண்டு இந்தியத் தோல் மருத்துவ இதழில் வெளியாயிற்று. வந்தவர்களில் பெரும்பாலோர் 16 முதல் 20 வயதுக்குட்பட்டோர். அதாவது, பொதுத்தேர்வு எழுதும் வயதும் கல்லூரியில் காலடி வைக்கும் வயதும். அவர்களுள் ஏறத்தாழ பத்தில் நால்வருக்கு முகத்தில் தழும்பு விழுந்துவிட்டிருந்தது. நாம் கருத்தில் இருத்த வேண்டிய செய்தி இதுவே. பரு காலப்போக்கில் தணியலாம். குழித்தழும்போ தானாக மறைவதில்லை.

ஹயலூரானிக் அமிலம் என்பது யாது?

பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. அமிலம் என்றவுடன் நாம் நினைக்கும் எரிக்கும் பொருளன்று இது. 1934-ஆம் ஆண்டு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயர், ஜான் பால்மர் என்னும் இரு அறிஞர்கள், மாட்டுக் கண்ணின் உள்ளே நிறைந்திருக்கும் தெளிந்த கூழிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர். கண்ணாடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே இப்பெயர் பிறந்தது.

இது நம் ஒவ்வொருவர் உடலிலும் உள்ளது. ஒரு வளர்ந்த மனிதனின் உடலில் சுமார் 15 கிராம் இருக்கும் என்பர். அதில் ஏறக்குறையப் பாதி தோலில் உள்ளது. தன் எடையைப்போல் பன்மடங்கு நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதே இதன் இயல்பு. கண்ணின் உள்ளும், மூட்டுகளின் நடுவிலும், தோலின் அடியிலும் ஈரத்தையும் வழுவழுப்பையும் காப்பது இதுவே. முன்னர் சேவலின் கொண்டையிலிருந்து எடுத்தனர். இன்று பெரும்பாலும் நுண்ணுயிர்களைக் கொண்டு நொதிக்கச் செய்து தயாரிக்கின்றனர். கண்புரை அறுவைச் சிகிச்சையிலும் மூட்டுத் தேய்வுக்கான ஊசியிலும் மருத்துவர்கள் இதனைப் பயன்படுத்துகின்றனர். ஆகவே, இது போலியான பொருளன்று, நல்ல பொருளே. எந்த வேலைக்கு நல்லது என்பதே கேள்வி.

புட்டி செய்வதும் செய்யாததும்

மேலே நாம் கண்ட நான்கு காரணங்களை மீண்டும் நினைவிற் கொள்க: நெய் மிகுதல், துளை அடைபடுதல், பாக்டீரியா பெருகுதல், வீக்கம் எழுதல். புட்டியிலுள்ள ஹயலூரானிக் அமிலம் நெய்யைக் குறைப்பதில்லை, அடைப்பைத் திறப்பதில்லை, பாக்டீரியாவை அழிப்பதுமில்லை. வீக்கத்தை ஆற்றும் மருந்தாக அதனை நம்பி இருப்பதற்கும் இடமில்லை. தோலின் மேற்புறத்தில் நீரைப் பிடித்து ஈரம் தருவதே அதன் வேலை. பூசியவுடன் முகம் சற்றே பளபளக்கும். மெல்லிய வறட்சிக் கோடுகள் மறையும். மறுநாள் கழுவினால் அதுவும் போகும்.

‘பூசினால் உள்ளே இறங்கிப் பள்ளத்தை நிரப்பும்’ என்பதும் பிழை. இதன் பெரிய மூலக்கூறுகள் தோலைத் துளைத்து உட்செல்ல இயலா, மேலேயே தங்கிவிடும். சிறியனவாக நறுக்கிச் செய்தவை சற்று உட்புகுந்தாலும், தழும்பின் அடியில் கெட்டிப்பட்ட நாரை அவை மாற்றுவதில்லை.

எனினும் நியாயமாகச் சொல்ல வேண்டியதொன்று உண்டு. பருவுக்கான உண்மையான மருந்துகள் முகத்தை வறளச் செய்யும், எரியச் செய்யும். அதற்கு அஞ்சியே பலர் இரண்டு வாரத்தில் மருந்தை நிறுத்திவிடுகின்றனர். அத்தகையோர்க்கு ஈரமூட்டும் பூச்சு ஒரு துணையாகும். அந்த அளவில் இப்புட்டி பயன்படும். ஆனால் துளையை அடைக்காத, கிளிசரின் கலந்த எளிய பூச்சும் ஏறக்குறைய அதே உதவியைக் குறைந்த விலையில் செய்யும். துணைக்கு வந்தவரை மாப்பிள்ளை என்று எண்ணிவிடலாகாது!

குழாயில் இருந்தது என்ன?

அந்தத் தாய் கொண்டு வந்த இரண்டாவது பொருளுக்கு வருவோம். அது ஸ்டீராய்டு கலந்த களிம்பு. படை, அரிப்பு போன்ற நோய்களுக்கு மருத்துவர் மேற்பார்வையில் குறுகிய காலம் பூச வேண்டியது. ‘முகம் வெளுக்கும், பரு அடங்கும்’ என்று சொல்லி அதனைக் கொடுத்திருந்தனர். முதல் இரண்டு வாரம் முகம் தெளிந்தது உண்மையே. நிறுத்தியவுடன் முன்னிலும் பன்மடங்காகப் பரு வெடித்தது. மீண்டும் பூசினர், மீண்டும் அடங்கிற்று. இவ்வாறே ஐந்து மாதங்கள்.

இவ்வகைக் களிம்பை முகத்தில் நெடுநாள் பூசினால் தோல் மெலிந்து சிவக்கும்; நுண்ணிய இரத்த நாளங்கள் வெளியே தெரியும்; பெண்பிள்ளைகளின் முகத்தில் மயிர் வளரும்; பரு இல்லாதவர்க்கும் பரு உண்டாகும். 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நாட்டின் 12 மருத்துவ மையங்களில் முகத்தோல் நோய்க்காக வந்த 2,926 பேரைச் சோதித்தனர். அவர்களில் 433 பேர் இத்தகைய களிம்புகளை முகத்தில் பூசி வந்தனர். பாதிக்கும் மேற்பட்டோர் மருத்துவர் அல்லாதார் சொற்கேட்டே பூசினர். விளைந்த தீங்குகளில் முதலிடம் பெற்றது எது தெரியுமா? பரு தோன்றுதலும், இருந்த பரு மிகுதலுமே. எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றிய கதை இது.

இதனையெல்லாம் கருதி, 2018-ஆம் ஆண்டு நடுவண் அரசு 14 ஸ்டீராய்டு களிம்பு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. சட்டம் உண்டு, ஆயினும் கேட்டு வாங்கும் வழக்கம் நம்மிடையே முற்றிலும் ஒழியவில்லை. குழாயின் மேல் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்னும் பெயர்களில் ஒன்றேனும் காணப்பட்டால், மருத்துவர் எழுதித் தந்தாலன்றி அதனை முகத்தில் தொடலாகாது. ஏற்கெனவே நெடுநாள் பூசி வருவோர் தாமாகத் திடீரென நிறுத்தித் துன்புறாமல், தோல் மருத்துவரிடம் காட்டி அவர் சொற்படி விடுக.

மெய்யான சிகிச்சை

பருவுக்கு நல்ல மருந்துகள் உண்டு. அவை விலையுயர்ந்தனவும் அல்ல. பாக்டீரியாவைக் குறைக்கும் பென்சாயில் பெராக்சைடு, அடைப்பைத் திறக்கும் அடாப்பலின், இவை மேற்பூச்சுகள். அடாப்பலினை இரவில், முகம் முழுவதற்குமாக ஒரு பட்டாணி அளவே எடுத்து மெலிதாகத் தடவ வேண்டும். பென்சாயில் பெராக்சைடு துண்டையும் தலையணை உறையையும் வெளுக்கச் செய்யும். அதற்கெனப் பழைய துணியை வைத்துக்கொள்க. பரு கடுமையாயின், டாக்சிசைக்கிளின் போன்ற மாத்திரைகளை மருத்துவர் சில வாரங்களுக்குத் தருவார். ஆழ்ந்த கட்டிகளாக எழும் பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் என்னும் வலிய மருந்து உண்டு. அது வயிற்றிலுள்ள சிசுவைப் பெரிதும் ஊனப்படுத்தும் தன்மையது. ஆகவே கருவுற்ற பெண்கள் அதனை அறவே உட்கொள்ளலாகாது. உட்கொள்ளும் காலத்திலும், நிறுத்தியபின் ஒரு மாதம் வரையிலும் கருத்தரித்தலாகாது. அண்ணனுக்கு எழுதிய மாத்திரையைத் தங்கைக்குக் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். இங்கே அது பெருந்தீங்காகும்.

இம்மருந்துகள் எவையும் மூன்று நாளில் முகத்தை மாற்றா. 6 முதல் 12 வாரங்கள் பொறுக்க வேண்டும். பொறுமையின்மையே பாதி நோய்க்குக் காரணம்.

மாதவிலக்கு ஒழுங்கின்றி வருவதும், மேலுதட்டிலும் மோவாயிலும் மயிர் வளர்வதும் பருவோடு சேர்ந்திருந்தால், சினைப்பையில் கோளாறு இருக்கக்கூடும். அதனைத் தாய் மறைக்காமல் பெண் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

தழும்பும் நிரப்பு ஊசியும்

பரு போனபின் நிற்பவை இருவகை. ஒன்று, கருநிறப் புள்ளி. இது தழும்பன்று, கறையே. வெயிலில் அலையாமல் காத்துக்கொண்டால் சில மாதங்களில் பெரும்பாலும் மங்கும். மற்றொன்று, குழி. தோலின் அடித்தளம் சிதைந்து ஆறும்போது உண்டாவது. அக்குழிகளிலும் ஊசி குத்தினாற்போன்ற ஆழ்குழிகள், பெட்டி போன்ற குழிகள், அலைபோல் ஏறி இறங்கும் அகன்ற பள்ளங்கள் என வேறுபாடு உண்டு. ஒவ்வொன்றுக்கும் மருத்துவம் வேறு. ஆழ்குழிகளில் அமிலத் துளியிடுதல், நுண்ணூசிகளால் தோலைத் தூண்டுதல், அடியிலுள்ள நாரை அறுத்துவிடுதல் முதலியன தோல் மருத்துவர் செய்வன. சிலருக்குத் தழும்பு குழியாகாமல் புடைத்து வளரும். அத்தகையோர் ஊசிக்குமுன் அதனை அவசியம் சொல்ல வேண்டும்.

ஹயலூரானிக் அமில ஊசி இங்கேதான் வருகிறது. அதனைக் கெட்டிக் கூழாக்கித் தோலடியில் ஏற்றினால் பள்ளம் உயரும். அமெரிக்க அரசு 2003-ஆம் ஆண்டு இறுதியில் இவ்வகை ஊசி ஒன்றை முகச்சுருக்கத்திற்கு ஏற்றது என ஒப்பியது. அகன்ற, மென்மையான பள்ளங்களுக்கு இது உதவும் என்பது மெய்யே. ஆழ்குழிகளுக்கு அவ்வளவாக உதவாது. மேலும், உடல் இக்கூழைச் சிறிது சிறிதாகக் கரைத்துவிடும். பல மாதங்கள், அல்லது ஓராண்டு அளவில் மறுபடியும் போட வேண்டும். ஒவ்வொரு முறையும் செலவு பல்லாயிரம். கூழ் கரைந்துவிடும், அடகுக் கடையின் வட்டி கரையாது.

ஆபத்தும் உண்டு. ஊசி தவறி இரத்த நாளத்தில் இறங்கினால் தோல் அழுகலாம். அரிதாகக் கண்பார்வையே போகலாம். அவ்வேளையில் கூழை உடனே கரைக்கும் மாற்று மருந்தைக் கையில் வைத்திருக்கும் மருத்துவரே இதனைச் செய்யத் தக்கவர். அழகு நிலையத்தில் செய்துகொள்ளத் தக்கதன்று. ஊசியின்றி அழுத்தத்தால் செலுத்தும் ‘பேனா’க்கள் குறித்து அமெரிக்க மருந்துத் துறை 2021-இல் மக்களை எச்சரித்தது என்பதையும் இளைஞர் அறிக. முகத்தில் பரு எரிந்துகொண்டிருக்கையில் குழியை நிரப்புவதில் பொருளுமில்லை. முதலில் நெருப்பை அணைக்க வேண்டும், பிறகே சுவரைப் பூச வேண்டும்.

பெற்றோருக்கும் இளைஞருக்கும்

பருவைக் கிள்ளுதலும் பிதுக்குதலும் கூடா. தழும்புக்கு அது நேர்வழி. எலுமிச்சைச் சாறும் பற்பசையும் முகத்தில் வேண்டாம். மென்மையான சோப்பால் நாளுக்கு இருமுறை கழுவினால் போதும்.

பரு கட்டியாக எழுந்தாலோ, ஒரு குழியேனும் விழக் கண்டாலோ நாள் கடத்தாதீர்கள். வெள்ளம் வருமுன் அணை போடுதலே அறிவுடைமை. நமது ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் காட்டி, அவர்கள் சொல்லும் வழியில் செல்லலாம். புதுவை அரசு பொது மருத்துவமனையும், கதிர்காமத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியும், ஜிப்மரும் நமக்கு உண்டு. நெட்டப்பாக்கத்திலிருந்து புதுவைக்கு 20 கிலோமீட்டருக்கும் மேல்; ஒரு நாள் கூலி போகும் என்பதை அறிவோம். ஆயினும், புட்டிக்கும் குழாய்க்கும் ஐந்து மாதங்களில் அந்தத் தாய் செலவிட்ட பணத்தில் பலமுறை சென்று வந்திருக்கலாம்.

எல்லாவற்றினும் மேலாக, பிள்ளையின் முகத்தைப் பற்றிப் பேசும் நமது நாவைக் காப்போம். ‘இந்த முகத்தை யார் கட்டிக்கொள்வான்’ என்று உறவினர் முன்னிலையில் விளையாட்டாகச் சொல்வதை அவள் விளையாட்டாகக் கேட்பதில்லை. ஆண்பிள்ளைகளும் சொல்லாமல் வருந்துகின்றனர். கடுமையான பரு அவர்களுக்கும் மிகுதியாக வருகிறது. பிள்ளை உண்ணாமல், உறங்காமல், எவரையும் காணாமல் ஒதுங்கினால் அது வெறும் அழகுக் கவலையன்று. நடுவண் அரசின் மனநல உதவி எண்ணாகிய 14416-இல் தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை.

அந்தத் தாய்க்கு நாம் சொன்ன விடை சுருக்கமானது: “சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும் அம்மா. பிள்ளையை முதலில் தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.” மறுவாரம் இருவரும் அரசு மருத்துவமனை ஒன்றுக்குச் சென்றனர். மருத்துவர் களிம்பை விடுவித்தார். முதல் மாதம் முகம் முன்னிலும் மோசமாயிற்று, பெண் அழுதாள், தாய் நம்மிடம் வந்து குறைபட்டார். பொறுத்திருக்கச் சொன்னோம். நான்காம் மாதத்தில் புதிய பரு ஏறக்குறைய நின்றது. ஓராண்டில் கறைகள் மங்கின. கன்னங்களில் ஏழெட்டுக் குழிகள் மட்டும் நின்றுவிட்டன. ஐந்து மாதம் முன்னதாகச் சென்றிருந்தால் அவற்றுள் பல விழாதிருக்கக்கூடும் என்றார் மருத்துவர். அவற்றுக்கு என்ன செய்யலாம் என்பதைப் பின்னர் பார்க்கலாம் என்று அவள் இருக்கிறாள். இப்பொழுது கல்லூரிக்குச் செல்கிறாள். கோயிலில் பாட்டுக்கும் வருகிறாள். வறட்சிக்கு அந்தப் புட்டியில் மிஞ்சியிருந்ததையும் பூசித் தீர்த்துவிட்டதாகத் தாய் சொன்னார். அதற்கு அது போதும்.

உங்கள் இல்லத்திலும் இத்தகைய பிள்ளை ஒன்று கண்ணாடியின் முன் நின்று கலங்கலாம். அதற்குப் புட்டி வாங்கித் தருமுன், அருகமர்ந்து கேளுங்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இந்த மாதமே செல்லுங்கள் என அன்புடன் வேண்டுகிறோம்.